ராமநாதபுரம் கரையில் ஆவணப்படம் எடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இந்தக் கரையின் இன்றைய வாழ்க்கையையும் அதில் நடக்கும் சமூக மாற்றத்தையும் படமாக்க வருகிற இளைஞர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பிலும் திரையிடலுக்குப் பிறகும் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம்.

"டிவியில வர்ற சிறப்புத் தொகுப்பும் ஆவணப்படமும் ஒண்ணுதானே?"

இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது என்பது செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும் ஒரு விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் யார் வேலைக்குப் போகிறார், எந்த நகை அடகுக்குப் போகிறது, பள்ளிக்கூடம் திறக்கும்போது கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று கூடவே இருந்து பார்ப்பது ஆவணப்படம். தொகுப்புக்கு ஒரு நாள் போதும். இதற்கு 61 நாளும் வேண்டும்.

"சமூக மாற்றம்ங்கிறீங்க. அதைக் கேமராவுல எப்படிக் காட்டுறது?"

திரும்பப் போய்த்தான். ஒரே ஆள், ஒரே இடம், வேறு பருவம், வேறு ஆண்டு. முதல் தடவை எடுத்த இடத்தையும் கோணத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை அதே இடத்தில் நின்று எடுத்தால் மாறியது தானாகத் தெரியும், குரல் விளக்கம் தேவைப்படாது.

பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் கடக்க வேண்டுமென்றால் ஆட்கள் இருபுறமும் நின்று நெம்புகோலைக் கையால் தள்ளிச் சுற்றித் தூக்குப்பாலத்தைத் திறப்பார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையில் 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலே எழுகிறது. இரண்டு பாலத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் அது பொறியியல் படம். கையால் சுற்றியவர் அந்த வேலையை எப்படிச் செய்தார், காலை எங்கே ஊன்றினார், எந்தச் சொல்லுக்கு எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள் என்று அவரே செய்து காட்டுவதை எடுத்து வைத்தால்தான் அது மனிதர்களின் படம்.

தனுஷ்கோடியிலும் இதே கதைதான். வருகிறவர்கள் எல்லோரும் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அங்கே வலை இழுத்த குடும்பங்களில் யார் சங்கும் சிப்பியும் விற்கப் போனார்கள், யார் மீன் வறுக்கும் கடை போட்டார்கள், யார் கடலைவிட்டு நகரவில்லை என்பது கண் முன்னால் இருக்கிறது. அதை எடுத்தவர்கள் குறைவு.

"எந்த மாசத்துல வந்தா நல்லது?"

எந்தக் கடல் என்பதைப் பொறுத்தது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பாக் விரிகுடாவைப் பார்த்தவை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. மண்டபத்துக்கும் ராமேசுவரம் தீவுக்கும் இரண்டும் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்பக்கக் கடல் கொந்தளிக்கும், வடபக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். தென்கடலில் நீருக்கடியில் எடுக்க நினைத்து ஜூலையில் வந்தால் கலங்கல் தவிர எதுவும் பதிவாகாது.

விசைப்படகுகளை எடுப்பதென்றால் தடைக்காலத்தையும் கிழமையையும் பாருங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிப் போகும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. ராமேசுவரத்தில் பொதுவாகத் திங்கள், புதன், சனி விசைப்படகின் நாட்கள். மற்ற நாளில் வந்துவிட்டு "துறைமுகம் வெறிச்சோடியது" என்று காட்சி வைத்தால் ஊரில் பார்க்கிறவர்கள் அந்த இடத்திலேயே படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

"பெரிய கேமரா இல்ல. ஃபோன் போதுமா?"

போதும். மூன்று அமைப்புகளை மட்டும் மாற்றுங்கள். வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஃபோன் வழக்கமாக வைத்திருக்கும் 30 ஃபிரேமில் ஏலக்கூடத்து டியூப்லைட் திரையில் துடிக்கலாம். அடுத்து, வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளை மணலைப் பார்த்ததும் ஃபோன் படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். வெளிச்சத்தை முகத்துக்கு வையுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

காலை 9 மணிக்குள்ளும் மாலை 3:30-க்கு மேலும் வெளியே எடுங்கள். நடுப்பகலில் ஆட்கள் வலை பொத்த உட்காரும் நிழலுக்கே நீங்களும் போங்கள்.

"எவ்வளவு நல்லா எடுத்தாலும் காத்துச் சத்தம் கொல்லுது. என்ன செய்ய?"

இந்தக் கரையில் படம் கெடுவது பெரும்பாலும் ஒலியால்தான். படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சுப் புரியாவிட்டால் எழுந்து போவார்கள். மைக்குக்கு நுரைப்பஞ்சு உறை போதாது, மயிர் உறை கட்டாயம். ரெக்கார்டரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ-கட் வசதியைப் போடுங்கள். பேசுகிறவர் முதுகு காற்றுக்கு இருக்கட்டும், அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பாகும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஏலம் சூடேறும்போது மேலே கொஞ்சம் இடம் வேண்டும்.

காலர் மைக்கைச் சேலை முந்தானையில் குத்தினால் மடிப்பு உரசி கரகரக்கும். ரவிக்கைக் கழுத்தோரத்தில், துணிக்கு உள்ளே ஒட்டுநாடாவை முக்கோணமாக மடித்து ஒட்டுங்கள். அதை அந்த அக்காவோ குழுவில் உள்ள பெண்ணோ செய்யட்டும். படகில் எஞ்சின் ஓடும்போது பேட்டி வேண்டாம். கிளப்புவதற்கு முன்போ நங்கூரம் போட்ட பிறகோ பேசுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சுற்றுச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் பசை.

"உப்புக் காத்துல கேமரா போயிருமா?"

கவனிக்காவிட்டால் போகும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். டிரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும், தெளிய அரை மணி நேரம்கூட ஆகும். அதற்குள் விடியற்கால ஏலம் முடிந்திருக்கும். மணலில் டிரைபாட் மெல்ல மெல்லப் புதைந்து சட்டகம் சாயும். மூன்று காலுக்கும் அடியில் சிரட்டை கவிழ்த்து வைத்தால் நிற்கும்.

"ஊருக்குள்ள யார்கிட்ட கேட்டுட்டு எடுக்கணும்?"

ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் கிராமத் தலைவர், ஒரு ஊரில் ஜமாஅத், ஒரு ஊரில் பங்குத்தந்தை, துறைமுகத்தில் விசைப்படகுச் சங்கமும் நாட்டுப்படகுச் சங்கமும். ஒரு சங்கத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்காமல் விட்டால் நீங்கள் அவர்கள் ஆள் என்று முடிவாகிவிடும்.

தலைவர் சரி சொன்னால் ஊருக்குள் நடக்கலாம், அவ்வளவுதான். ஒரு வீட்டுப் பெண்ணைப் படமெடுக்க அந்தப் பெண்ணின் சம்மதம் தனியாக வேண்டும். தலைவர் கூடவே உட்கார்ந்திருந்தால் அவர் வாயிலிருந்து தலைவர் கேட்க விரும்புவது மட்டும்தான் வரும். கூப்பிடும் முறையும் முக்கியம்: அண்ணே, அக்கா, ஆத்தா; கீழக்கரைப் பக்கம் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா). "சார், மேடம்" என்றால் அதிகாரி வந்திருப்பதாக நினைத்துப் பேசுவார்கள்.

"பேட்டி எடுத்தா எல்லாரும் கலெக்டர்கிட்ட மனு கொடுக்கிற மாதிரியே பேசுறாங்களே?"

கேமராவோடு வருகிறவர்களிடம் அப்படிப் பேசித்தான் அவர்களுக்குப் பழக்கம். அதில் தவறே இல்லை. அந்த மனுவை முழுவதும் பதிவு செய்யுங்கள், இடையில் நிறுத்த வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் மற்ற பேச்சு வரும்.

"உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்டால் மனுதான் வரும். "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க? டீசல் எத்தனை லிட்டர் போட்டீங்க? பாடு எவ்வளவு? ஏலத்துல யார் எடுத்தா? சம்மாட்டிக்கு எவ்வளவு, உங்க பங்கு எவ்வளவு?" என்று நேற்றைய ஒரே நாளைக் கேளுங்கள். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன், சம்மாட்டி என்றால் படகு முதலாளி. முன்பணம், கடன், மகனைக் கடலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தக் கணக்கு வழியாகவே வெளியே வரும். கை வேலையில் இருக்கட்டும். கருவாடு புரட்டும்போது, வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது வரும் பேச்சு வேறு. பதில் முடிந்ததும் ஐந்து வினாடி சும்மா இருங்கள். பல நல்ல வாக்கியங்கள் அந்த ஐந்து வினாடிக்குள் வந்தவை.

"படகுல ஏறிக் கடலுக்குள்ள போகலாமா?"

நாட்டுப்படகில், கரைக்குப் பக்கத்தில், உரிமையாளர் சம்மதத்தோடும் உயிர்காப்புச் சட்டையோடும் போகலாம். விசைப்படகு மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் பெற்றுப் போகிறது. தொழிலாளி அல்லாத ஒருவரை ரகசியமாக ஏற்றினால் மாட்டிக்கொள்வது படகுக்காரர்தான். துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பாக் விரிகுடாவில் இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. உங்கள் படத்துக்காக யாரும் கூடுதலாக ஒரு மைல்கூடப் போகக் கூடாது.

"கடல்பாசி எடுக்கிற அக்காமாரோட தீவுக்குப் போய் எடுக்கலாம்ல?"

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. உள்ளே நுழையவும் படமெடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் தொடங்குங்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுத்துவந்த இடங்கள் பல இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. பூங்கா எல்லைக்குள் ஒரு பெண் முகம் தெரியப் பாசி பறிக்கும் காட்சி உங்களுக்கு அழகான காட்சி, அவர்மேல் வழக்குப் போட அதுவே சாட்சி.

ஆகவே நாள், இடம், முகம் மூன்றும் ஒரே காட்சியில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையிலேயே எடுக்க ஏராளம் இருக்கிறது. கடலுக்குப் போகும் முன் ஒவ்வொரு விரலாகத் துணிக்கிழிசலைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். பாறை விரலைக் கிழிக்காமல் இருக்க அது ஒன்றுதான் காப்பு. சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது உள்ளே விரல் வெளுத்து ஊறியிருக்கும். அந்த ஒரு காட்சி நீருக்கடியில் எடுக்கும் பத்து நிமிடத்தைவிட அதிகம் சொல்லும். இடத்தையும் காட்டிக்கொடுக்காது.

"டிரோன் பறக்க விடலாமா?"

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கடலுக்குள் எல்லை. 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள் முன்னனுமதி தேவையில்லை என்றாலும், இங்கே எது பச்சை என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அன்றன்று பாருங்கள். காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான படங்களுக்கு டிரோன் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

"கையெழுத்து வாங்கிட்டாப் போதும்ல?"

போதாது. படம் எங்கே போகும், யூடியூபில் போட்டால் யாரெல்லாம் பார்ப்பார்கள், பிறகு அழிக்க முடியுமா என்று தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. மூன்று தடவை கேளுங்கள்: எடுக்கும் முன், முதல் தொகுப்பைக் காட்டிய பின், வெளியிடும் முன். தமிழில் ஒரே பக்கம், வாசித்துக் காட்டி, அதையே கேமராவிலும் சொல்ல வைத்துப் பதியுங்கள். இந்தத் தேதி வரை "என்னை எடுத்துவிடு" என்று சொல்லலாம் என்பதையும் எழுதுங்கள். சொன்னால் எடுத்துவிடுங்கள்.

"அவங்களுக்குப் பணம் கொடுத்தா தப்பா?"

பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கெட்டுப்போன வேலைக்குக் கட்டாயம் கொடுங்கள். உங்களால் ஒருவர் ஒரு நாள் கடலுக்குப் போகவில்லையென்றால் அன்றைய கூலி அவருடையது. வள்ளத்தை வாடகைக்கு எடுத்தால் டீசலும் ஒரு நாள் மீன்பாட்டின் மதிப்பும். வேலை செய்தவர் கையில் கொடுங்கள். முன்பணக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வியாபாரி வழியாக வேண்டாம்.

"நல்ல காட்சி தவறிப்போச்சு. இன்னொரு தடவை செய்யச் சொல்லலாமா?"

தினமும் நடக்கும் வேலையென்றால் நாளைக்கு வாருங்கள், தானாக நடக்கும். இனி நடக்காத வேலையென்றால், மேலே சொன்ன நெம்புகோல் போல, செய்து காட்டுகிறார் என்பது படம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அழுகையை மட்டும் எக்காரணத்துக்கும் திரும்பக் கேட்கக் கூடாது.

"இலங்கையில பிடிபட்ட மீனவர் குடும்பத்தை எடுக்கிறோம். என்ன கவனிக்கணும்?"

வழக்கு நடந்துகொண்டிருந்தால் "எல்லை தாண்டித்தான் போனாங்க" என்ற ஒரு வரி வீட்டுக்காரரின் தண்டனையைக் கூட்டலாம். தீர்ப்பு வரும்வரை அப்படிப்பட்ட பகுதியை வெளியே விடாதீர்கள், முன்னோட்டத்திலும் வேண்டாம். படகின் பதிவு எண்ணை மறையுங்கள்.

அக்கரையையும் கேளுங்கள். இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துச் செல்லும் வலை, தங்கள் வலையை அறுத்துப்போகிறது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் பல்லாண்டாகச் சொல்கிறார்கள். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. இக்கரையில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் அதே மனக்குறை உண்டு. அதை விட்டுவிட்டுக் கைதை மட்டும் காட்டினால் பாதிதான் சொன்னதாகும்.

"ஏர்வாடி, மண்டபம் முகாம் பத்தி எடுக்கணும். நேரா போயிரலாமா?"

கூடாது. மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் நுழைய மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஏர்வாடியில், மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்க 2017 மனநலச் சட்டம் தடை விதிக்கிறது. 2001 ஆகஸ்டில் அங்கே சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தபோது அவர்களை நாடே படமாகப் பார்த்தது. உயிரோடு இருப்பவர்களை அப்படிக் காட்ட வேண்டாம்.

"வட்டார வார்த்தை வெளியூர்க்காரங்களுக்குப் புரியுமா?"

புரிய வையுங்கள், மாற்றாதீர்கள். பாடு, கச்சான், சம்மாட்டி என்பதற்குப் பதில் வேறு சொல்லைப் பேசச் சொன்னால் ஆளே மாறிவிடுவார். அந்த வார்த்தை வரும் முதல் இடத்தில் அந்தப் பொருளையே காட்டுங்கள், கீழே எழுத்து தேவைப்படாது.

"எவ்வளவு நேரம் எடுத்தா அரை மணி நேரப் படம் கிடைக்கும்?"

30 முதல் 40 மணி நேரப் பதிவு சாதாரணம். 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும், அதற்கேற்ற ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். அன்றன்று இரண்டிலும் நகலெடுத்து, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். பேட்டி முழுவதையும் எழுத்தில் இறக்கிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் படம் கிடைப்பது அந்தத் தாளில்தான்.

"சென்சார் வேணுமா?"

பொதுத் திரையிடலுக்கு வேண்டும். 1952 திரைப்படச் சட்டம் ஆவணப்படத்துக்கும் பொருந்தும், இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. 2023 திருத்தத்துக்குப் பின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது; யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகியிருக்கிறது. இணையத்தில் மட்டும் வெளியிடுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும்.

"ஊர்ல போட்டுக் காட்டணுமா? சண்டை வந்துட்டா?"

காட்ட வேண்டும், அதுவும் முதலில். முதல் தொகுப்பைப் படத்தில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மட்டும் அழைத்துக் காட்டுங்கள். அன்றைக்குச் சண்டை வந்தால் நல்லது, இன்னும் மாற்ற நேரம் இருக்கிறது. விசைப்படகு ஊரென்றால் மேலே சொன்ன கிழமைக் கணக்கைப் பாருங்கள்: கடலுக்குப் போன இரவுகளை விட்டால் ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி மிஞ்சும். முஸ்லிம் தெருவில் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு தொடங்குங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும்.

கடற்கரையில் திரை கட்டினால் காற்றில் பாய்மரம்போல உப்பும், கயிறு அறும். வலைப்பின்னல் கூடத்தின் வெள்ளைச் சுவர் போதும். 3000 லூமென் புரொஜெக்டர் எட்டடி அகலத்துக்குத் தாராளம். ஜெனரேட்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம், காற்று போகும் திசையில் வையுங்கள்.

படம் முடிந்ததும் மைக்கைப் பெண்கள் பக்கம் முதலில் கொடுங்கள். ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, யார், எந்த நிமிடத்தில், எதை மறுத்தார் என்று எழுதட்டும். திருத்திய பிறகு அந்த இடங்களை அவர்களிடம் மறுபடி காட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பென்டிரைவில் படத்தைக் கொடுத்துவிட்டு வெளியிடுங்கள்.